நீங்கள் வாழும் ஊரின் கவுண்டி நூலகத்தில் பழைய காகிதம் தேடிய அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

சோளக்காட்டான்:

நான் இருப்பது இண்டியானாவில், சோளக்காடு சூழ்ந்த ஒரு சின்ன கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரிதான், அளவில் சிறியது. தனிக் கோர்ட், தனிப் பத்திரப்பதிவு, தனி நூலகம். நாங்கள் வாங்கிய மரவீட்டை யார் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கென்றே ஒரு அறை இருக்கிறது, அங்கே போனேன். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலைக் கொடுத்தார்கள்.

முதலில் என் கைக்கு வந்தது சிட்டி டைரக்டரி. தொலைபேசிப் புத்தகம் வருவதற்கு முன்பே தொடங்கிய சமாச்சாரம். வீடு வீடாக ஆள் போய், பெயர், தொழில், முகவரி எல்லாம் கேட்டு எழுதி வந்து, நிறைய விளம்பரத்தோடு அச்சடித்து விற்றிருக்கிறார்கள். பின்பகுதியில் தெருவாரியாகவும் பட்டியல் உண்டு. எங்கள் வீட்டு எண்ணில் 1920களில் ஒரு ரயில்வே கொல்லர் இருந்திருக்கிறார். அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மனைவி பெயர். அடுத்தடுத்த பதிப்புகளைப் புரட்டினால் ஒன்றில் கொல்லர் இல்லை. அந்த அம்மாள் தனி வரிக்கு வந்துவிட்டார், பக்கத்தில் ‘இன்னாரின் விதவை’ என்று. அதே முகவரியில் புதிதாக மூன்று ஆண்கள், மூவருமே வாடகைக்குத் தங்கியவர்கள். எங்கள் வீட்டு மாடியில் ஒவ்வொரு அறைக்கதவிலும் ஏன் தனிப் பூட்டு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது!

அப்புறம் சான்பார்ன் வரைபடம். தீ விபத்துக் காப்பீட்டுக்காரர்களுக்காக ஊர் ஊராக வரைந்தது. மரக்கட்டிடத்துக்கு மஞ்சள், செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு. எங்கள் வீடு மஞ்சள். இப்போது கார் நிறுத்தும் கொட்டகை இருக்கிறதே, அது அன்றைக்குக் குதிரை லாயம்.

ஒரு சாதாரணத் தகவலுக்கு ஏன் இத்தனை சுற்று என்று கேட்கலாம். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் கொஞ்சம் எரிந்தது, நிறைய நனைந்தது. மிஞ்சியதையும் பின்னால் அரசாங்கமே அழித்துவிட்டது. ஆறு கோடிப் பேருக்கு மேல் எண்ணிய கணக்கில் இன்று தேறுவது ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள்தான். 1880க்கும் 1900க்கும் நடுவில் ஒரு குடும்பம் எங்கே இருந்தது என்று பார்க்க இந்த டைரக்டரி, தேவாலயப் பதிவு, உள்ளூர்ச் செய்தித்தாள் போன்றவைதான் கதி.

எங்கள் நூலகத்தில் சில வருடத்து டைரக்டரிகள் இல்லை. “ஃபோர்ட் வேய்ன் போங்கள்” என்றார்கள். அது இண்டியானாவிலேயே இன்னொரு ஊர், அங்கே இருப்பது ஆலன் கவுண்டி பொது நூலகம். 1961இல் அங்கே வம்சாவளிக்கென ஒரு பிரிவு தொடங்கினார்கள். இன்று இந்த நாட்டின் பொது நூலகங்களில் அந்தத் துறைக்கு அதைவிடப் பெரிய சேகரிப்பு கிடையாது. தங்கள் கவுண்டிக்கு மட்டும் என்றில்லாமல் நாடு முழுவதற்கும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். குட்டிக் குட்டி வரலாற்றுச் சங்கங்கள் வெளியிட்ட இதழ்களில் எந்தக் கட்டுரை எங்கே இருக்கிறது என்று 1980களிலிருந்து அட்டவணையும் போட்டு வருகிறார்கள். ஒரு கவுண்டி நூலகம் இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொள்வது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வீட்டுக் கதை அதோடு முடிந்தது. திரும்பி எங்கள் நூலகத்துக்கு வந்தபோது, சும்மா ஒரு ஆர்வத்தில், இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டேன். இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பு வந்தது. ஜெர்மன்காரர்கள் கோப்பு செங்கல் தடிமன். எங்களுடையதில் நான்கைந்து செய்தித்தாள் துண்டுகள், அதிலும் பாதி உணவகம் திறந்த செய்தி. 1970களிலிருந்தே இங்கே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன: டாக்டர்கள், இன்ஜினியர்கள், பல்கலைக்கழகத்து ஆட்கள். நூலகர் அம்மாள் சங்கடப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. “யாரும் கொண்டு வரவில்லை. நீங்கள் கொண்டு வாருங்கள்” என்றார்.

சரி என்று, ஊரில் மூத்தவரான ஒரு மாமா வீட்டுக்குப் போனேன். பள்ளி உணவுக்கூடத்தில் நடத்திய பொங்கல் விழாப் படங்கள், கையால் தமிழில் எழுதி நகலெடுத்த அழைப்பிதழ்கள், யார் எவ்வளவு அரிசி கொண்டு வர வேண்டும் என்ற பட்டியல், எல்லாம் ஒரு சூட்கேஸில். நூலகத்தில் கேட்பது இரண்டே விஷயம். நன்கொடைப் படிவத்தில் கையெழுத்து வேண்டும், படத்தில் இருப்பவர் யார், எந்த வருடம் என்று தெரிய வேண்டும். மாமா ஆண்கள் பெயரையெல்லாம் மடமடவென்று சொன்னார். பெண்கள் வந்ததும் “இது அவன் ஒய்ஃப், இது இவன் ஒய்ஃப்” என்றார். அடுக்களையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்த மாமி கண்ணாடியைப் போட்டார். ஒவ்வொரு பெண்ணின் பெயர், சொந்த ஊர், இங்கே என்ன வேலை பார்த்தாள், எந்த வருடம் வேறு மாநிலத்துக்குப் போனாள் என்று வரிசையாக வந்தது. நான் மாமாவிடம் இருந்த பென்சிலை வாங்கி மாமியிடம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் பக்கம் எப்படி?

கிளேர் நர்ஸ்:

நான் அயர்லாந்தில், கிளேர் கவுண்டியில் நர்ஸ். இங்கே கதை இன்னும் மோசம். 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் ஆவணக்காப்பகமே வெடித்து எரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் எடுத்த கணக்கெடுப்புகளில் ஏதோ துண்டு துணுக்குதான் மிச்சம். அதனால் யார் எந்த நிலத்துக்கு எவ்வளவு வரி என்று எழுதிய பழைய மதிப்பீட்டுப் பட்டியல்களுக்கு ஏக மரியாதை. கிளேர் கவுண்டி நூலகம் இவற்றைத் தன் இணையதளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறது. தட்டச்சு செய்து கொடுத்தவர்களில் நிறையப் பேர் தன்னார்வலர்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது பள்ளிக்கூடச் சேகரிப்பு. 1937 முதல் 1939 வரை சுமார் ஐயாயிரம் பள்ளிகளில் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கதை, வைத்தியம், பேய், கிணறு என்று கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். அத்தனையும் இன்று இணையத்தில் இருக்கிறது, பள்ளி வாரியாகத் தேடலாம்.

சில வருடம் முன்பு எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா, அந்த நோட்டில் தானும் எழுதியதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். தேடினேன். அவர் எழுதியது அகப்படவில்லை, அவருடைய அக்கா எழுதியது கிடைத்தது. மரு போக வேண்டுமானால் பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரைத் தடவ வேண்டும் என்று பாட்டி சொன்ன வைத்தியம், அழகான கூட்டெழுத்தில். படித்துக் காட்டினேன். தாத்தா கேட்ட முதல் கேள்வி: “என் பெயர் ஏன் இல்லை?” அக்கா மேல் அன்றைக்கு முழுக்க ஒரே கோபம். எங்கள் ஆச்சி மருவுக்கு அம்மான் பச்சரிசிச் செடியின் பால் வைப்பார் என்று சொன்னேன், அதையும் எழுதி வை என்றார்.

சந்தேகி:

எல்லாம் சரி. இந்தக் காலத்தில் எல்லாமே ஸ்கேன் செய்து இணையத்தில் இருக்கிறதே, இதற்கு ஒரு அறை, ஒரு நூலகர், ஒரு சம்பளம் தேவையா?

சோளக்காட்டான்:

இல்லை ஐயா, எல்லாம் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் நடத்தும் இலவசப் பழைய செய்தித்தாள் தளம் பெரும்பாலும் 1963 வரைதான். அதற்குப் பிந்தையதற்குப் பதிப்புரிமைத் தொல்லை. எங்கள் ஊர் வாரப் பத்திரிகையின் 1970கள், அதாவது நம் ஆட்கள் வந்த காலம், மைக்ரோஃபிலிமில், அதாவது பக்கங்களைக் குட்டியாகப் படமெடுத்த ஃபிலிம் சுருளில், மட்டும்தான் இருக்கிறது. அதிலும் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சுருளாக இருந்தால் காலப்போக்கில் தானாகவே சிதையும். டப்பாவைத் திறந்தாலே குப்பென்று வினிகர் வாடை வரும். அந்த வாடை வந்த சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிரில் வைத்து, சீக்கிரம் பிரதி எடுக்க வேண்டும். இதை யார் மோந்து பார்ப்பது? சம்பளம் அதற்குத்தான்.

நாரிச் வாசி:

இங்கிலாந்தில் நார்ஃபோக் கவுண்டி. 1994 ஆகஸ்ட் 1 காலையில் நாரிச் மத்திய நூலகம் எரிந்தது. மின்கோளாறு. ஒரு லட்சத்துக்கு மேல் புத்தகங்கள் போயின. ஆனால் கவுண்டி ஆவணக்காப்பகம் அதே கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது, நூற்றாண்டுகள் பழைய ஆவணங்கள். தீயணைப்புத் தண்ணீரில் நனைந்தனவே தவிர எரியவில்லை. நனைந்ததை உறைய வைத்து, ஈரத்தை மெதுவாக உறிஞ்சி எடுத்துக் காப்பாற்றினார்கள். நனைந்த காகிதத்துக்கு ஹேர் டிரையர் பிடிப்பவர்கள் கவனிக்க, முதலில் ஃப்ரீசர்தான்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். இந்த ஊர்க்காரர்கள் அந்த நெருப்பைப் பற்றிப் பேசும்போது நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் நூலகத்தை 1981இல் கொளுத்தினார்கள். 97,000 நூல்கள், ஏட்டுச் சுவடிகள். அங்கே உறைய வைக்க எதுவும் மிஞ்சவில்லை. 2005இல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே தொடங்கிய இணையத் திட்டம் இன்று ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களை, இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அப்பா வைத்திருந்த பள்ளி ஆண்டு மலர் ஒன்றை நானும் ஸ்கேன் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்று எதையும் விட்டுவைக்காதீர்கள்.

கிளேர் நர்ஸ்:

சோளக்காட்டான் அண்ணா, எங்கள் வீட்டில் தொண்ணூறுகளின் விழா வீடியோ கேசட் ஒரு பெட்டி, ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பம் நான்கு. நூலகத்தில் வாங்குவார்களா?

சோளக்காட்டான்:

ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள் தங்கச்சி, அந்தப் பசை படத்தையும் சேர்த்து உரித்துவிடும். அப்படியே ஆல்பத்தோடு கொண்டு போங்கள், அவர்களுக்குத் தெரியும். கேசட்டை முதலில் கவனியுங்கள், காகிதத்தைவிட அதற்கு ஆயுசு குறைவு. வாஷிங்டன் டிசி பொது நூலகத்தில் வீடியோ கேசட்டை நாமே கணினிக்கு மாற்றிக்கொள்ள 2016இலேயே ஒரு அறை திறந்தார்கள், இலவசமாக. அதைப் பார்த்து வேறு ஊர்களிலும் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் எழுதியிருக்கும் காகிதத்தோடு ஆங்கிலத்தில் இரண்டு வரிக் குறிப்பு வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதை எந்தக் கோப்பில் போடுவது என்று அவர்கள் முழிப்பார்கள்.