ஹில்குரோவ் லேஅவுட்: ஒரு புதுப்பிப்பு

போன மாதம் புலம்பியிருந்தேனே, நீலகிரி மலை ரயில் பாதையின் ஹில்குரோவ் ஸ்டேஷனை வைத்து நான் செய்யும் மாடலில் என்ஜின் ஏற்றத்தில் சறுக்குகிறது என்று? தீர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே நிஜப் பாதை ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏறும். அதை அப்படியே 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) வைத்ததுதான் என் தப்பு. அங்கே என்ஜினின் பல்சக்கரம் பாதை நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏற்றுகிறது, என் பல்தண்டவாளமோ வெறும் அலங்காரம். மீட்டருக்கு 4 செ.மீ. என்று தாழ்த்தினேன். இப்போது நிஜத்தைப் போலவே என்ஜின் பின்னாலிருந்து இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது.

ஜல்லிக்குச் சலித்த ஆற்று மணல். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திர சோப்புத் திரவம்; இங்க் ஃபில்லரால் விட்டால் மணல் கலையாமல் உறிஞ்சிக்கொள்ளும். ஆர்வக்கோளாறில் பாயின்ட்டின் (ரயில் தடம் மாறும் இடம்) நகரும் நாக்கிலும் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் கல்! வெந்நீரில் நனைத்த பிரஷ்ஷும் குண்டூசியுமாக ஒரு ஞாயிறு போயிற்று.

தெர்மாகோல் மலைக்கு ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம், கரைத்துவிடும் என்று எச்சரித்தவருக்கு நன்றி. போஸ்டர் கலர்தான் அடித்தேன். மண்ணுக்கு, வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துத் தூவினேன். (சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அம்மாவின் மூக்குதான் கண்டுபிடித்தது.) என்ஜினுக்கான நீர்த்தொட்டி இன்னும் பாக்கி.