தூண்டிலுக்கு ஈயம் உருக்கும் வீட்டில் குழந்தை: யாரிடம் கேட்பது?

மெரிபேங்க் ஆயா:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருப்பவர்கள் யாராவது விவரம் சொல்லுங்கள். என் மருமகனுக்கு மீன்பிடிப் பைத்தியம். ஷாட் மீன் காலம் வந்தால் மனிதர் கடற்கரையே கதி என்று கிடப்பார். கடையில் ஈயக்குண்டு விலை ஏறிவிட்டதாம், இப்போது தானே வார்க்கிறார். டயர் கடையில் கழித்துப் போட்ட ஈயச் சக்கர எடைகளை வாங்கி வந்து, பின்கட்டுத் தாழ்வாரத்தில் எரிவாயு அடுப்பை மூட்டி இரும்புச் சட்டியில் உருக்குகிறார். மேலே சாம்பல் நிறத்தில் ஏடு படியும். அதைப் பழைய கரண்டியால் வழித்து என் கறிவேப்பிலைச் செடியோரம் தட்டிவிடுகிறார்!

பேரனுக்கு இரண்டு வயது. அந்தத் தாழ்வாரம்தான் அவனுக்கு விளையாட்டுத் திடல். ஆறிய குண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நிற்பான், விரலை விட்டுத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். சோறு இறங்குவதில்லை, மலம் சரியாகப் போவதில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். டாக்டர் இரத்தசோகை என்று இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். ஈயமாக இருக்குமோ என்று கேட்டேன். "பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்து எத்தனை வருடமாயிற்று!" என்று சிரித்தார். மருமகனோ, "அப்பா காலத்திலிருந்து உருக்குகிறோம், யாருக்கு என்ன ஆயிற்று?" என்கிறார். மாமியார் சொல்லி எந்த மருமகன் கேட்டான்? என்ன பரிசோதனை, எங்கே கேட்பது, குணமாகுமா?

பீனிக்ஸ் நர்ஸ் (ஓய்வு):
ஆயா, முதலில் நச்சுத் தகவல் உதவி எண் 0861 555 777க்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், பொதுமக்களும் கேட்கலாம். பிள்ளை குண்டை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் இன்றே மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே கேளுங்கள். வயிற்றில் தங்கிய குண்டிலிருந்து ஈயம் கரைந்து இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும்.

பரிசோதனைக்கு 'இரத்தத்தில் ஈய அளவு' என்றே கேளுங்கள், வழக்கமான இரத்தப் பரிசோதனையில் அது வராது. விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியும் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டலாம். நரம்பிலிருந்து எடுப்பதே நம்பகமானது. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், நம் நாட்டுச் சட்டப்படி மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும். நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் வீட்டுக்கு வந்து பார்க்கவும் அது வழி செய்யும்.

பெட்ரோலில் ஈயம் 2006இல் நின்றது உண்மைதான். உங்கள் தாழ்வாரத்தில் நின்றுவிட்டதா என்ன? மேற்குக் கேப் மீனவர் குடும்பங்களில் வீட்டில் குண்டு வார்ப்பதால் பிள்ளைகளுக்கு ஈயம் ஏறுவதை நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எப்போதோ ஆராய்ந்து எழுதிவிட்டது.

குணம் பற்றிக் கேட்டீர்கள். வரும் வழியை அடைத்தால் இரத்தத்தில் அளவு இறங்கும். எலும்பில் படிந்தது பல ஆண்டு தங்கும். ஈயத்தைப் பிரித்தெடுக்கும் மருந்தைப் பொதுவாக அதே அளவையில் 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால்தான் கொடுப்பார்கள். இரும்பு மருந்தை நிறுத்தாதீர்கள். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும்.

டோங்காட் வாசி:
பச்சைக் கொத்தமல்லிச் சாறு வெறும் வயிற்றில் கொடுங்கள், ஈயமெல்லாம் இறங்கிவிடும்.

பீனிக்ஸ் நர்ஸ் (ஓய்வு):
கொத்தமல்லி ரசத்துக்கு நல்லது, தம்பி. ஈயம் ஏறிய பிள்ளைக்கு அது மருந்து என்று யாரும் நிரூபிக்கவில்லை. செந்தூரம், பற்பம் என்று யாராவது கொண்டுவந்தால் அதையும் தொடாதீர்கள் ஆயா, அவற்றில் சிலவற்றில் ஈயமே இருக்கும்.

இசிப்பிங்கோ தூண்டில்காரன்:
ஆயா, மருமகனிடம் பிள்ளைப் பேச்சை எடுக்க வேண்டாம், சண்டைதான் வரும். அவர் இரத்தத்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உருக்குகிறவர் மூச்சில்தான் முதலில் ஏறுகிறது. தன் பெயர் போட்ட தாளில் எண்ணைப் பார்த்தால் அடங்குவார். பாறைப் பக்கம் வீசுவதற்கு ஈயக்குண்டுக்குப் பதில் பழைய ஸ்பார்க் பிளக் போதும், மெக்கானிக் சும்மாவே கொடுப்பான். சிக்கி அறுந்தாலும் மனம் வலிக்காது. அதுவரை அந்தச் சட்டை, செருப்போடு அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மெரிபேங்க் ஆயா:
எல்லாருக்கும் நன்றி. அந்த எண்ணில் பொறுமையாகப் பேசினார்கள். எக்ஸ்ரேயில் குண்டு எதுவும் இல்லை. கையில் நரம்பு பார்த்து இரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. சட்டியையும் அச்சையும் பூட்டி வைத்துவிட்டேன், மருமகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறார். தாழ்வாரத்தைப் பெருக்கலாமா? அந்தச் செடியை என்ன செய்வது?

பீனிக்ஸ் நர்ஸ் (ஓய்வு):
துடைப்பம் வேண்டவே வேண்டாம், தூசி கிளம்பும். ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். செடியோரத்து மண்ணை நீங்களாகக் கிளறாமல், அலுவலர் வரும்வரை தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கறிவேப்பிலையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆயா.