எண்ணெயை நிறுத்தியும் குறையாத ட்ரைகிளிசரைடு

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். அப்பா முப்பது வருடமாகச் செக்கு ஓட்டுகிறார். கடலை, எள், கொப்பரை மூன்றும் ஆட்டுவோம். போன தை மாதம் அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது, ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 486 என்று வந்தது. 150க்குள் இருக்க வேண்டியது. பரிசோதனை நிலையத்துப் பெண் ரத்தம் எடுத்த குழாயை எங்களிடம் தூக்கிக் காட்டினார். சிவப்பெல்லாம் அடியில் இறங்கியிருக்க, மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர், அரிசி களைந்த தண்ணீரைப் போலக் கலங்கிக் கிடந்தது.

அன்றைக்கே அப்பா எண்ணெயை விட்டார். மார்கழியில் தேங்காய் எண்ணெய் டின்னோடு உறைவதை வருடந்தோறும் பார்ப்பவர். டின்னில் உறைவது உடம்புக்குள்ளும் உறையத்தானே செய்யும் என்று பயந்துவிட்டார். இரண்டு மாதம் தாளிப்புக்கூட இல்லாத சாப்பாடு. அம்மா கண்கலங்கிப் பரிமாறுவார். மறுபடி பார்த்தால் 471.

டாக்டர் மருந்தை மாற்றுவதற்கு முன், காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் வெளியே வந்தது. சந்தகைக்கு, அதாவது இடியாப்பத்துக்கு, தேங்காய்ப்பாலை நிறுத்திவிட்டு, அதற்கும் சேர்த்து நாட்டுச்சர்க்கரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு ஆறு டீ, அதிலும் அதே சர்க்கரை. கவுந்தப்பாடியிலிருந்து மொத்தமாக வாங்கி வைப்பது எங்கள் வழக்கம். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், இது மருந்து மாதிரி என்ற நம்பிக்கை வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

டாக்டர் சொன்னதை என்னால் முடிந்த அளவு எழுதுகிறேன். நாம் உண்ணும் எண்ணெய் எண்ணெயாகவே ரத்தத்துக்குப் போவதில்லை. பித்தநீர் அதைச் சிறு துளிகளாக்கும், நொதி பிரிக்கும், குடல்சுவர் மறுபடி சேர்த்துப் புரத உறை போட்டு அனுப்பும். பெரும்பாலும் அது சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து கொடுக்கும் ரத்தத்தில் மிஞ்சுவது அநேகமாகக் கல்லீரல் செய்து அனுப்பியது. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அளவு மீறினால் கல்லீரல் அதைக் கொழுப்பு அமிலமாக்கி, மூன்று மூன்றாக ஒரு கிளிசராலில் கோத்துவிடும். அதுதான் ட்ரைகிளிசரைடு. செக்கில் வடியும் எண்ணெய்க்கும் அதே அமைப்புத்தான். இதைக் கேட்டு அப்பா வெகுநேரம் பேசவில்லை.

உறைவதற்குக் காரணம் வேறு. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதன் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் நேரானவை, நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகும். கடலை எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு இருக்குமிடத்தில் சங்கிலி வளைவதால் அப்படி அடுக்கிக்கொள்ளாது. உடம்பின் சூடு 37 டிகிரி, அங்கே தேங்காய் எண்ணெய் உறையாது. ஆனாலும் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலைக் கூட்டும். அதனால் இப்போது எங்கள் வீட்டில் அளவாகக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான்.

சர்க்கரையை விட்ட மூன்றாம் மாதம் 203. குழாயில் நீர் தெளிந்திருந்தது. செக்கடிக்கு வந்து கொழுப்பைப் பற்றிக் கேட்பவர்களிடம் அப்பா இப்போதெல்லாம், "டீக்கு எத்தனை கரண்டி போடுகிறீர்கள்?" என்றுதான் முதலில் விசாரிக்கிறார்.