டீலாமினேஷனுக்கு ‘ஏடுபிரிதல்’: ஒரு பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

கார்பன் இழையாலான ஹார்ட்டெயில் (பின்சக்கரத்தில் அதிர்வுதாங்கி இல்லாத) மலைமிதிவண்டிகளைப் பற்றிய கலைச்சொற்பட்டியலில் டீலாமினேஷனுக்கு, அதாவது ஒட்டிய தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதற்கு, ‘அடுக்குப் பிரிவு’ என்று முன்மொழியப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்றாக ‘ஏடுபிரிதல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கார்பன் ஃப்ரேமின் குழாய்ச் சுவர் ஒரே பொருளால் வார்க்கப்பட்டதன்று; மெல்லிய இழைத்தாள்களைப் பல திசைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, எபாக்ஸிப் பிசினால் இறுக்கியது. இழையின் நீளவாக்கில் அதன் வலிமை மிகப் பெரிது. ஆனால் தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிப்பது பெரும்பாலும் பிசின் மட்டுமே. கரடுமுரடான இறக்கத்தில் முன்சக்கரம் வாரியெறியும் கல் டவுன் ட்யூபின் (ஃப்ரேமின் முன்பக்கத்திலிருந்து பெடல் அச்சை நோக்கிச் சாய்ந்திறங்கும் குழாயின்) அடிப்பகுதியில் மோதும்போது, மேற்பூச்சில் ஒரு சிறு புள்ளி தவிர வேறெதுவும் தெரியாமலே உள்ளே தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடலாம். சமமான தகடு ஒன்று சரிநடுவில் இவ்வாறு இரண்டாகப் பிரிந்துவிட்டால், ஓர் இழைகூட அறாமலே அதன் வளைவிறைப்பு (வளைவதை எதிர்க்கும் திறன்) ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அழுத்தம் வரும்போது பிரிந்த தாள்கள் தனித்தனியே நெளிந்து, சேதம் பரவுகிறது.

இதனால்தான் ‘விரிசல்’ என்ற சொல் இங்கே பொருந்தாது. அலுமினிய ஃப்ரேமின் பற்றவைப்பில் தோன்றும் விரிசல் பெரும்பாலும் அயர்ச்சியால், அதாவது விசை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால், வருவது, கண்ணுக்கும் தெரிவது. கார்பன் அயர்ச்சியைத் தாங்குவதில் அலுமினியத்தை விஞ்சக்கூடியது; அதை எளிதில் நொறுங்கும் பொருள் என்று பொதுப்படையாகச் சொல்வது நியாயமன்று. மிதிவண்டிப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 என்ற பன்னாட்டுத் தரநிலையின் மிதிவிசைச் சோதனையில் மலைமிதிவண்டி ஃப்ரேம் 1,200 நியூட்டன் விசையை 1,00,000 சுற்றுகள் தாங்க வேண்டும். ஆனால் குழாயின் பக்கத்தில் கல் மோதுவதை அந்தச் சோதனை காட்டாது. கார்பனின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது, அதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

‘அடுக்குப் பிரிவு’ என்பதில் எனக்கு இரண்டு தடைகள். அடுக்கு என்றால் ஒட்டாமல் வைத்தவையும் அடங்கும். ‘பிரிவு’ என்பதைத் துறை, பகுதி என்றே பலரும் முதலில் படிப்பார்கள். ஏடு என்பதோ பாலேட்டைப் போல மெலிந்ததாய், ஒன்றின்மேல் படிந்து கிடப்பதாய் நம் காதில் விழுகிறது. பனையேடும் நாளேடும் குழப்பம் தருமே என்ற ஐயம் எழலாம். ஃப்ரேமைப் பற்றிய வாக்கியத்தில் அதற்கு இடமில்லை என்றே கருதுகிறேன்.

வினையாக இயல்பாகப் புழங்குவது இன்னொரு நன்மை. ‘செயின்ஸ்டேயில் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் குழாயில்) ஏடு பிரிந்திருக்கிறது’, ‘ஏடுபிரிந்த இடத்தை நீக்கிப் புதுத்தாள் இடவேண்டும்’ என்று பழுதுபார்ப்பவர் தயக்கமின்றிச் சொல்லலாம். இதே வழியில் தனித்தாளான லாமினாவை ‘ஏடு’ என்றும், தாள்கள் ஒட்டி உருவான லாமினேட்டை ‘ஏட்டிணைவு’ என்றும் வைக்கலாம். பின்னதைவிடச் சிறந்த சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

பட்டியலின் விளக்கக் குறிப்பில் பின்வரும் வாக்கியத்தைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்: “நாணயத்தால் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டே வரும்போது கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மட்டும் மந்தமாக மாறினால், அங்கே ஏடுபிரிதல் இருக்கக்கூடும்; தேர்ந்தவர் சோதிக்கும்வரை அந்த ஃப்ரேமில் ஓட்டக் கூடாது.”