எலுமிச்சைத் தோல் உப்பு கட்டியாயிருது, வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். அம்பாசமுத்திரத்துல இருந்து எழுதுதேன்.

மரச்சீனிக்கிழங்கு சிப்ஸ், வறுத்த கடலை, மாங்காய்க் கீத்துக்கெல்லாம் தூவ வீட்டுலயே உப்பு தயார் பண்ணுதேன். தூத்துக்குடி கல்லுப்பை வெறும் சட்டியில ஈரம் போக வறுத்து, நிழல்ல காய்ஞ்ச கறிவேப்பிலையோட மிக்ஸியில அடிச்சா ஒண்ணு. பூண்டும் வத்தலும் சேர்த்தது இன்னொண்ணு. ரெண்டும் நல்லா வந்திருக்கு. கறிவேப்பிலை உப்பு வாசத்துக்கே பிள்ளைங்க அடுக்களைக்கு வந்திருதாங்க.

எலுமிச்சைத் தோல் உப்புதான் மனசைப் போட்டு வாட்டுது. தோலை நாலு நாள் வெயில்ல காயவச்சுதான் அரைச்சேன். ஐப்பசி மழை பிடிச்சதும் கல்லு மாதிரி இறுகிட்டு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போனா உப்பு தானே தண்ணி இழுக்கும்; கல்லுப்புல இருக்க மெக்னீசியம் குளோரைடு அதுக்கு முன்னாலயே இழுக்கும். இது தெரியும். ஆனா அதே கல்லுப்புல செஞ்ச மத்த ரெண்டும் உதிரியா இருக்கே! தோல்ல இருக்க எண்ணெய்தான் காரணமா? வெள்ளைப் பகுதியைச் சுரண்டிட்டுக் காயவைக்கணுமா? வறுத்த பச்சரிசி மாவு கொஞ்சம் சேர்த்தா ருசி கெடுமா?

இன்னொண்ணு. சிப்ஸ்ல தூவுனா பாதி டப்பா அடியிலதான் கெடக்கு. எண்ணெயில இருந்து எடுத்த சூட்டோட தூவணும்னு எங்க ஆச்சி சொல்லுவா, அப்படித்தான் செய்யுதேன். இன்னும் நைசா அரைக்கணுமோ?

வீட்டுல ரத்தக்கொதிப்பு உள்ளவங்க இருக்காங்க. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்புங்கது உலக சுகாதார நிறுவனத்தோட அளவு. அதனால உப்பைக் குறைச்சு வாசப்பொருளைக் கூட்டணும். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு போடுதீங்கன்னு செஞ்சு பாத்தவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும்.