யீஷிங் டீபாட்டில் வெள்ளிக்கம்பி எழும்பி நிற்கிறது, பசை வைக்கலாமா?

மண்வாசம்:
சீனாவின் யீஷிங் ஊர் ஸிஷா மண்ணில் செய்த சதுர டீபாட், 200 மில்லி. நான்கு முகங்களிலும் வெள்ளிக்கம்பி பதித்த கோலம். ஒரு முகத்தில் நேராக ஓடும் கம்பி 3 செ.மீ. நீளத்துக்கு வில் மாதிரி எழும்பிவிட்டது. விரலால் அழுத்தினால் உட்காருகிறது, வெந்நீர் ஊற்றியதும் மறுபடி கிளம்புகிறது. சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டால் போதுமா? இந்தக் கம்பியைச் சூளையில் வைப்பதற்கு முன்பே பதிக்கிறார்களா, பின்பா?

கம்பிக்காடி:
பின்புதான். ஸிஷா வேகும் சூடு ஏறத்தாழ 1100 முதல் 1200 டிகிரி. வெள்ளி 962 டிகிரியிலும் தங்கம் 1064 டிகிரியிலும் உருகிவிடும். முன்பே வைத்தால் சூளையிலேயே உருகி ஓடிவிடும்.

ஆனால் காடி, அதாவது கம்பி உட்காரும் பள்ளம், வெட்டுவது வேகாத பச்சை மண்ணில்தான். மண் தோல் மாதிரி விறைக்கும் பதத்துக்கு உலர்ந்ததும் சிறு கத்தியால் கோலத்தைக் கீறி, காடியின் அடியை வாயைவிடக் கொஞ்சம் அகலமாகக் குடைவார்கள். பதிப்பு முழுவதும் நிற்பது இந்தக் குடைவில்தான். மண் காய்ந்து வேகும்போது சுருங்கும், காடியும் கூடவே குறுகும். அதனால் கம்பியின் பருமனை வெந்த காடியில் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். சிவப்பு 'ஜூனி' மண் மற்ற ஸிஷாவைவிட அதிகம் சுருங்குவதால் அதில் காடி கோணிப்போவது சகஜம்.

வெள்ளிக்கம்பியை மங்கலான சிவப்பு வரும் வரை காய்ச்சி, ஆறவைத்து, மெத்தென்று ஆன பிறகு காடியில் கிடத்துவார்கள். கம்பி மேலே ஒரு மயிரிழை துருத்தி நிற்க வேண்டும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டும்போது அந்த மிகுதி கீழே இறங்கி, குடைவுக்குள் அகன்று பிடித்துக்கொள்ளும். ஓங்கி அடித்தால் காடியின் விளிம்பு சில்லு பெயரும், அதை மறைக்க வழியே கிடையாது. கடைசியில் மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

உங்கள் கம்பி கிளம்பக் காரணம், சூட்டில் வெள்ளி மண்ணைப் போல மூன்று மடங்கு நீள்வது. 70 டிகிரி சூடு ஏறினால் 3 செ.மீ. கம்பி மண்ணைவிட ஏறத்தாழ 0.03 மி.மீ. கூடுதலாக நீளும். அற்பம்தான், ஆனால் இரு முனையும் இறுகியிருந்தால் நடுவில் அரை மி.மீ. வில் எழ அதுவே போதும். வளைவும் மூலையும் உள்ள கோலத்தில் இது அடங்கிவிடும். நீள நேர்க்கோட்டில், அதுவும் குடைவு ஆழமில்லாத இடத்தில், கிளம்பத்தான் செய்யும்.

தேயிலைத்தூள்:
சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். ஸிஷாவில் மெருகுப்பூச்சு கிடையாது, நுண்துளை நிறைந்த மண். பசை உள்ளே ஊறிக் கறையாக நிற்கும், சுற்றிலும் வெள்ளைப் படலம் பூக்கும். வெந்நீர்ச் சூட்டில் இளகியும் விடும்.

எழும்பிய கம்பியின் ஒரு முனையை மட்டும் விடுவித்து, நுனியில் மிகச் சிறிதாகத் தேய்த்துக் குறையுங்கள். காடிக்குள் இருக்கும் தேயிலைக் கறையை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், ஊசி விளிம்பைக் கெடுக்கும். மணல் நிரப்பிய துணிப்பை மேல் டீபாட்டைச் சாய்த்து, வழவழப்பான அகேட் கல் முனையால், இறுகியிருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி, விடுவித்த முனை நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். வயதான சுவரில் சுத்தியல் வேண்டாம். கம்பி விறைத்துப்போயிருந்தால் அந்தத் துண்டை வெளியே எடுத்துக் காய்ச்சுங்கள். டீபாட்டில் இருக்கும்போதே தீ காட்டினால் மண் விரிசல் விடும். புதுக் கம்பி போடுவதென்றால் 999 சுத்த வெள்ளி வாங்குங்கள், கலப்புள்ள 925 கடினம்.

குடைவே தேய்ந்து பிடிப்பு இல்லையென்றால் மரப்பால் அரக்கு, அதாவது பதப்படுத்தாத சீன அரக்கு, ஒரு கோடு போதும். அது உலர ஈரக்காற்று வேண்டும், மூடிய பெட்டிக்குள் ஈரத்துணியோடு வையுங்கள். தோலில் பட்டால் கடுமையான அரிப்பு வரும், கையுறை கட்டாயம்.

மண்வாசம்:
மிக்க நன்றி. கம்பி கறுத்தும் இருக்கிறது. சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்டு ஊறவைக்கலாமா?

கம்பிக்காடி:
ஊறவைக்காதீர்கள், சோடா நீரை மண் குடித்துவிடும், பிறகு தேநீரில் அது தெரியும். பற்பசையும் கூடாது: மண்ணின் மணல்மணியான தோலைத் தேய்த்து, போகாத பளபளப்புத் திட்டு விழும். உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியை மட்டும் துடையுங்கள். லேசான கறுப்பு கோலத்தின் ஓரத்தை எடுத்துக்காட்டும், எனக்கு அதுவே அழகு.

தேயிலைத்தூள்:
ஈயமும் வெள்ளீயமும் பற்றிக் கேட்க வருபவர்களுக்காக ஒன்று: ஸிஷாவின் வெளியே வெள்ளீயத் தகடு போர்த்தி, கவிதை பொறித்து, மூக்குக்கும் பிடிக்கும் ஜேட் கல் வைக்கும் வேலை வேறு வகை. 19ஆம் நூற்றாண்டில், சீனப் பேரரசர் தாவ்குவாங் காலத்தில், ஜூ ஜியான் என்பவர் அதில் பேர்போனவர். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், அடுப்பருகே கொண்டுபோகக் கூடாது. பழைய தகட்டில் ஈயம் கலந்திருக்கலாம். தேநீர் படும் இடத்தில் அந்த உலோகம் இருந்தால், சோதித்துப் பார்க்காமல் அதில் தேநீர் போடாதீர்கள்.