மறுமொழி: ‘எக்ஸ்ட்ராஃப்ளோரல் நெக்டரி’ – தமிழில்?

ஐயா, வணக்கம். பூவுக்கு வெளியே, இலை போன்ற இடங்களில் தேன் ஊறும் சுரப்பிக்கு (extrafloral nectary) நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே கேள்வி.

> ‘இலைக்காம்புச் சுரப்பி’ என்று வைத்தால் போதுமே?

போதாது என்பேன். ஆவாரை, ஊசித்தகரை, பேயாவாரை மூன்றும் சென்னா என்னும் ஒரே பேரினம். முதலாவது புதர், மற்ற இரண்டும் மழைக்கு முளைக்கும் சிறுசெடிகள். எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூ, கூட்டிலை. பூக்காத நாளில் இனம் பிரிக்க இந்தச் சுரப்பிதான் கைகொடுக்கும். ஆவாரையில் ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே ஒரு சிறு முளை நிமிர்ந்து நிற்கும். (அதன் இலையடியில் காதுமடல் போன்ற செதிலும் உண்டு, பொங்கலுக்குக் காப்புக் கட்டக் கொத்து ஒடிக்கும்போது பார்த்திருப்பீர்கள்.) ஊசித்தகரையில் கீழ் இணைகளுக்கு நடுவே மட்டும். பேயாவாரையில் காம்பின் அடியில், தண்டை ஒட்டி, ஒரே ஒரு குமிழ். ஆக, நீங்கள் சொன்ன சொல் பேயாவாரைக்கு மட்டுமே சரி. மற்ற இரண்டிலும் அது இருப்பது சிற்றிலைகள் வரிசைகட்டும் நடு ஈர்க்கில்.

சரக்கொன்றை இலையில் இது அறவே இல்லை. முன்பு அதுவும் இந்த மூன்றும் காசியா என்ற ஒரே பேரினமாகவே கிடந்தன. 1982-இல் தாவரவியலாளர்கள் இர்வினும் பார்னபியும் சென்னாவைப் பிரித்து வைத்தார்கள். இன்னும் பல மூலிகை நூல்களில் ஆவாரைக்குப் பழைய பெயர்தான். சொற்பட்டியலில் இரண்டையும் போடுங்கள்.

> வெறும் ‘தேன்சுரப்பி’?

பூவுக்குள் இருப்பதையும் அப்படித்தானே சொல்கிறோம்? வேடிக்கை என்னவென்றால் ஆவாரம்பூவில் தேனே கிடையாது. தேனீ வருவது மகரந்தத்துக்கு. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து, மகரந்தப்பையின் நுனித்துளை வழியே உதிர்த்துக்கொள்ளும். தேன் ஊறுவது இலையில், அதுவும் எறும்புக்காக. எறும்பு நடமாடினால் புழு அண்டாது.

ஆமணக்கில் இது காம்பின் உச்சியில், பருத்தியில் இலையின் அடிப்புற நரம்பில். எனவே இடத்தைப் பெயரில் கட்டினால் ஒன்றில் பொருந்தும், அடுத்ததில் உதைக்கும். பாடநூலுக்குப் ‘பூப்புறத் தேன்சுரப்பி’ இருக்கட்டும். செடியைக் கையில் பிடித்து அடையாளம் சொல்கிறவருக்குத் ‘தேன்மணி’ என்பது என் பரிந்துரை. முளையோ குமிழோ, மணி என்றால் இரண்டும் அடங்கும். “ஊசித்தகரையில் தேன்மணி கீழ் இணைகளில் மட்டும்” என்று எழுதிப் பாருங்கள், நாக்கில் தடுக்கவில்லை. பெண்பிள்ளைப் பெயர் போலிருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டுமே.

‘புறத்தேன்’ என்று முன்மொழிந்தவர் அதைப் பெயரடையாகவும் எப்படிப் புழங்குவது என்று இரண்டு வாக்கியம் எழுதிக் காட்டினால், ஒப்பிட்டு முடிவுசெய்யலாம்.